மேகாஸின் போலெக்ஸும் கொழும்புப் புழுக்கமும்

லித்துவேனியாவில் 1922இல் பிறந்த திரைப்படக் கலைஞர் யோனாஸ் மேகாஸ், ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்துவிட்டு 1949இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். சில வாரங்களிலேயே கடன்பட்டு, சாவி கொடுத்து ஓட்டும் போலெக்ஸ் பிலிம் கமரா ஒன்றை வாங்கினார். நாட்குறிப்புப் போலப் படம்பிடித்த அவர் 2019இல் காலமாகும்வரை ஓயவில்லை. 1962இல் திரைப்படக்காரர்களின் கூட்டுறவு, 1970இல் அந்தோலொஜி திரைப்பட ஆவணக்காப்பகம் என்று அவர் பங்கெடுத்து உருவாக்கியவை தனிக்கதை.

அவருடைய படங்களில் காட்சிகள் வெட்டி வெட்டித் தெறிப்பதன் காரணத்தை எடிட்டிங் மேசையில் தேடாதீர்கள், பெரும்பகுதி கமராவுக்குள்ளேயே நடந்தது. போலெக்ஸுக்கு ஒருமுறை முழுதாகச் சாவி கொடுத்தால், செக்கனுக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) வேகத்தில் ஏறத்தாழ 28 செக்கன்தான் ஓடும். 100 அடிச் சுருள் மூன்று நிமிடம்கூட வராது. ஆகவே ஓரிரு ஃபிரேமாகத் தட்டித் தட்டி எடுப்பது சிக்கனமும்கூட. வேகத்தை 12க்கு இறக்கினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் விழும் ஒளி இரட்டிப்பாகும். அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) ஒரு ஸ்டொப், அதாவது ஒளி பாதியாகும் அளவு, மூடுங்கள். மறந்தால் காலிமுகத்திடல் வானம் வெறும் வெள்ளைதான்.

வெள்ளவத்தையில் இதைச் செய்ய நினைப்பவருக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். பிரிட்ஜில் வைத்த சுருளை எடுத்தவுடன் டின்னைத் திறந்தால் பிலிமில் நீர் வியர்க்கும். மூடியபடியே சில மணிநேரம் வெளியில் விடுங்கள். வெயிலில் லோட் பண்ணவே வேண்டாம், ஓரங்களில் வெளிச்சம் புகுந்துவிடும். லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடும் இடைவெளியான கேட்டுக்கு மேலும் கீழும் பிலிமைத் தளர்வாக விடும் வளையம் இறுகினால் படம் துள்ளும். லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டி வேண்டும். பழைய அசிட்டேற் சுருளில் வினாகிரி மணம் வந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள்.