இன்ஃபார்மல் என்றால் கோட்டு வேண்டாம், அவ்வளவுதான்

'ஒரு இன்ஃபார்மல் சாட் வைத்துக்கொள்ளலாமா? அரை மணி நேரம் போதும்.' பிரிட்டனிலிருந்து ஒரு பேராசிரியர் அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது இவ்வளவுதான். அங்கே பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் முதலில் ஒரு வழிகாட்டியைப் பிடிக்க வேண்டும், விண்ணப்பமெல்லாம் அப்புறம்தான். "சும்மா பேசத்தானே கூப்பிடுறாங்க" என்றாள் அக்கா. இரண்டு நாள் நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வழியில் போன சீனியர் அண்ணனிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். "கோட்டு போட வேண்டாம்னுதான் அதுக்கு அர்த்தம். கேள்வி எல்லாம் வரும்."

சரி என்று அந்தப் பேராசிரியரின் கட்டுரைகள் ஒரு டஜனை இறக்கிவைத்தேன். மூன்றாவதிலேயே புள்ளியியலில் மாட்டிக்கொண்டு முழி பிதுங்கியது. கடைசியாக வந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் எனக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டேன், அவரிடமே கேட்க.

மிச்ச நேரம் முழுக்க என் எம்.எஸ்சி. ஆய்வோடுதான் போனது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் நாற்றுகள் சில இடங்களில் ஏன் பிழைப்பதில்லை என்பதுதான் தலைப்பு. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.

"அங்கே உப்பு அதிகம்மா."

"கடலோரத்துல உப்பு இல்லாம சர்க்கரையா இருக்கும்?"

இரண்டு வருடம் அதில் வேலை பார்த்தவள் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனேன். அப்புறம் முதலிலிருந்து சொன்னேன். பழைய காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடத்தில் தரை தாழ்ந்து தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது. ஓதத்தில் உள்ளே வரும் நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறுகிறது. அதனால்தான் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே விட்டு வெளியேற்றுகிறார்கள். "வடிகால் இல்லாத வயல்னு சொல்லு" என்றாள் அம்மா. பேட்டியில் அந்த வாக்கியத்தையே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அக்டோபர் கடைசித் திங்கள், அவர்கள் நேரம் காலை 10 மணி. நம்மூரில் 2.30 என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. 2.50க்கு, இணைப்பில் ஏதும் கோளாறா என்று பணிவாக ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அக்கா கூகுளில் தேடியபோதுதான் விஷயம் தெரிந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்களாம். அதாவது, பேட்டி 3.30க்கு. வெளியே மழை வேறு. கரண்ட் போனால் என்ன செய்வது என்று போனில் ஹாட்ஸ்பாட் போட்டுவைத்தேன். போகவில்லை.

பேராசிரியர் தேநீர்க் கோப்பையோடு வந்தார், கூட இன்னொருவரும். வெண்கண்டல் இலையில் உப்புப் படிந்திருக்கும், நக்கினால் கரிக்கும் என்று சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். அதுவரை அரட்டைதான். அப்புறம் அந்த இன்னொருவர் கேட்டார்: "நாற்று சாவதற்கு உப்புதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறாய்? தேங்கிய நீரில் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காமலும் செத்திருக்கலாமே?"

நான் அதை அளக்கவே இல்லை. சமாளிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "அளக்கவில்லை. இரண்டையும் என் தரவில் பிரித்துக் காட்ட முடியாது" என்றேன். அவர் தலையசைத்து, "மறுபடி செய்தால் எப்படிச் செய்வாய்?" என்றார். மிச்சமிருந்த பத்து நிமிடமும் அதிலேயே போனது. குறித்துவைத்த கேள்விகளில் ஒன்றைத்தான் கேட்க முடிந்தது. உதவித்தொகை பற்றியும் கேட்டேன், கூச்சப்படாமல். அங்கே அரசு ஆய்வு நிதி தரும் இடங்களில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு. அதனால் கேட்டே ஆக வேண்டும்.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் போடு, ஆய்வுத் திட்டத்தில் அந்த ஆக்ஸிஜன் விஷயத்தையும் சேர்த்து எழுது என்று. இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.