சித்தப்பாவின் மோட்டார்

தொண்டிக் கடலில் சித்தப்பா படகின் பின்னால் மாட்டி ஓட்டிய பழைய அவுட்போர்டு மோட்டார் இப்போது காரைக்குடியில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக். ஒரு நாள் கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பில் கிளம்பும். மறுநாள் இருபது முறை இழுத்தாலும் கிளம்பாது.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அடிப்பகுதியை முக்கி வைத்துத்தான் சோதித்தேன். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை உள்ளே ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கெட்டுவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பொறி நன்றாக வந்தது. ஆனால் அத்தனை இழுப்புக்குப் பிறகும் முனை காய்ந்தே இருந்தது. அப்படியானால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. சரி என்று, டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கினேன். எவ்வளவு அமுக்கியும் கெட்டிப்படவே இல்லை. அதன் வால்வு தேய்ந்து, ஏறிய பெட்ரோல் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. பல்போடு ஹோஸையும் மாற்றினேன். கார்புரேட்டர் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டையும் கழுவினேன்.

நேற்று மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் விட்டு மறுபடி இழுத்தேன், ஒரே இழுப்பு. சத்தம் கேட்டு அப்பத்தா எழுந்து வந்து, “உங்க சித்தப்பன் மோட்டார்தானேப்பா இது?” என்று கேட்டார். அப்புறம் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.