‘பெயரிலி, 1948ஓ’

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைத் தமிழ் நாளிதழ்கள் எவ்வாறு நோக்கின என்பதே எனது முதுமாணி ஆய்வேட்டின் பொருள். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பல வாரங்கள் அமர்ந்து பதினொரு தலையங்கங்களைக் கையால் எழுதியெடுத்தேன். எதிலும் எழுதியவர் பெயர் இல்லை. ஏ.பி.ஏ. எனப்படும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையைப் பின்பற்றுவதாக எண்ணிக்கொண்டு, ‘பெயரிலி, 1948அ’ என்று தொடங்கி ‘பெயரிலி, 1948ஓ’ வரை உசாத்துணைப் பட்டியலில் அடுக்கினேன்.

வரைவைப் பார்த்த மேற்பார்வையாளர், “1948ஓ எந்தத் தலையங்கம் என்று பட்டியலைப் பாராமல் சொல்லும்” என்றார். என்னால் முடியவில்லை.

அதன்பின்பே அம்முறைக்கான கையேட்டின் ஏழாம் பதிப்பை ஒழுங்காக வாசித்தேன். ஆசிரியர் பெயர் இல்லாதவிடத்துத் தலைப்பே அவ்விடத்துக்கு வரவேண்டும். அடுத்துத் தலையங்கம் என்ற குறிப்பும், திகதியும், நாளிதழின் பெயரும் வரும். அக்காலத்துப் பத்திராதிபரின் பெயரை இட்டுவிடலாமோ என்ற சபலம் எனக்கும் இருந்தது. ஆயினும் கையொப்பமில்லாத எழுத்தை ஒருவர் தலையில் கட்டுவது ஊகமே தவிர மேற்கோள் அன்று.

தலைப்பை முன்னிறுத்தியதும் வேறொரு சிக்கல் எழுந்தது. நீண்ட தலைப்பின் முதற்சில சொற்களை மட்டும் கட்டுரைக்குள் மேற்கோள்குறியிட்டுக் காட்டினால் போதும் என்கிறது விதி. தமிழில் வினை கடைசியில் வருவதால், அவ்வாறு வெட்டிய தலைப்புகள் சில, எழுதியவர் எதிர்த்ததை ஆதரித்ததுபோலத் தோன்றின. அத்தகையவற்றை முழுமையாகவே இட்டேன். பக்கம் சற்று நீண்டாலும் அதுவே நேர்மை என்பது என் கருத்து.

அரச வெளியீடுகளில் நான் செய்தது வெறும் கவனக்குறைவு. 2012ஆம் ஆண்டுக் குடிசனத் தொகைமதிப்பு அறிக்கையையும் பெயரிலியின் கணக்கில் எழுதியிருந்தேன். அதன் ஆசிரியர் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களமே. சட்டமோ தன் பெயராலேயே பட்டியலில் இடம்பெறும். திகதியும் இல்லாத துண்டுப்பிரசுரம் ஒன்றுக்குத் தலைப்பையடுத்து ‘தி.இ.’ என இட்டு, அச்சுருக்கம் ‘திகதி இல்லை’ என்பதைக் குறிக்கும் என்று முன்னுரையில் விளக்கினேன்.

இரண்டாம் வரைவில் ‘பெயரிலி’ ஓரிடத்தில் மட்டும் எஞ்சியது. வாசகர் கடிதம் ஒன்றின் கீழ் அச்சொல்லே கையொப்பமாக அச்சாகியிருந்தது.