கிட்டார் பிக்கப் மக்கர் பண்ணினால்

அகூஸ்டிக் கிட்டாரில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பகுதி) சத்தம் நின்றுபோனால் பழி விழுவது பெரும்பாலும் பிரீஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெருக்கி ஆம்புக்கு அனுப்பும் மின்சுற்று) தலையில்தான். பக்கவாட்டில் குமிழ்களோடு பெரிதாகத் தெரிவது அதுதானே. ஆனால் அந்தப் பலகை அவ்வளவு லேசில் சாவதில்லை. அசைகிற, இழுபடுகிற இடங்கள்தான் முதலில் போகும்: ஜாக் (கேபிள் செருகும் துளை), பேட்டரி கிளிப், சேடிலுக்கு (தந்திகளைத் தாங்கும் மெல்லிய துண்டு) அடியில் இருக்கும் பீசோ பட்டை (அழுத்தத்தை மின்சிக்னலாக்கும் உணரி). எனவே வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

வேறு கேபிள், வேறு ஆம்ப் போட்டுப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். அடுத்தது 9 வோல்ட் பேட்டரி. புது ஆல்கலைன் பேட்டரி மல்டிமீட்டரில் 9.5 வோல்ட் அளவில் காட்டும். கழற்றி அளக்காதீர்கள், கேபிளைச் செருகி, பிரீஆம்ப் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பலமாக அடிக்கும்போது ஒலி உடைந்து கரகரக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் மின்சாரம் வரவில்லையா? கிளிப்பில் பூப்போல விரிந்திருக்கும் முனையை பிளேயரால் லேசாக நெருக்குங்கள். பச்சை பூத்திருந்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம், கிளிப்பையே மாற்றுங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது; மற்ற ஊர்களிலும் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும்.

இனி ஜாக். கிட்டாரின் அடிப்பக்கத்தில் ஸ்ட்ராப் மாட்டும் குமிழாகவும் இருக்கிற அந்த உருளை வெறும் துளை அல்ல, அதுதான் சுவிட்சும். உள்ளே மூன்று தொடுமுனைகள் இருக்கும். நுனி சிக்னலுக்கு, கடைசி எர்த்துக்கு, நடுவில் உள்ள வளையம் பேட்டரியின் மைனஸுக்கு. சாதாரண கிட்டார் கேபிளின் மோனோ பிளக்கைச் செருகியதும் அதன் நீண்ட உடல் வளையத்தையும் எர்த்தையும் இணைத்துவிடும், பிரீஆம்ப் விழித்துக்கொள்ளும். கேபிளை அப்படியே செருகி வைத்தால் பேட்டரி தீர்ந்துபோவது இதனால்தான். 2 மில்லிஆம்பியர் இழுக்கும் பிரீஆம்ப், 500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியைப் பத்து நாளில் காலி செய்துவிடும். நுனியில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஸ்டீரியோ கேபிளை மிக்சரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் போட்டால் கிட்டார் ஊமையாகிவிடுவதும் இதே காரணத்தால்தான்: அங்கே வளையமும் எர்த்தும் இணைவதில்லை. ஜாக் மாற்ற நேர்ந்தால் 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஜாக்காகவே கேட்டு வாங்குங்கள். மோனோ வாங்கினால் மைனஸுக்கு இடமில்லை.

ஜாக் பழுதுக்கு மூல காரணம் பெரும்பாலும் தளர்ந்த நட். கேபிளைத் திருப்பும்போதெல்லாம் உருளையும் கூடவே சுழலும், உள்ளே ஒயர் முறுக்கிக்கொண்டு ஒருநாள் அறுந்துவிடும். இறுக்குவது எளிது, ஆனால் வெளி நட்டை மட்டும் திருகினால் உருளை சேர்ந்து சுற்றி நீங்களே ஒயரை அறுத்துவிடுவீர்கள். ஸ்ட்ராப் மூடியைக் கையால் திருகிக் கழற்றினால் மரையுள்ள தண்டில் குறுக்கே ஒரு சின்னத் துளை தெரியும். அதில் மெல்லிய அலன் கீயையோ ஆணியையோ செருகி, அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள்.

ஒயர் அறுந்தே போயிருந்தால் தந்திகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியாக ஜாக்கை வெளியே எடுக்க வேண்டும். 25 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ஃப்ளக்ஸ் கலந்த ஈயம் போதும். ஒயரை 5 மில்லிமீட்டர் உரித்து முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். ஒரு முனைக்கு இரண்டு மூன்று வினாடிக்கு மேல் சூடு வேண்டாம். ஷீல்டு கேபிளின் உள்தோல் உருகினால் நடுக்கம்பி வெளிப்பின்னலோடு ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயை, ஈயம் வைத்து ஒட்டுவதற்கு முன்பே ஒயரில் கோத்துவிடுங்கள். (எல்லாரும் மறப்பது இதைத்தான்.) திரும்ப மாட்டும்போது ஒரு பென்சிலின் கூர்முனையை வெளியிலிருந்து துளைக்குள் விட்டு, உள்ளே கையால் ஜாக்கின் வாயை அதில் செருகி, மெதுவாக இழுத்தால் ஜாக் தானாக வந்து எட்டிப் பார்க்கும்.

ஒரு தந்தி மட்டும் ஆம்பில் மெலிந்து கேட்டால் அது மின்கோளாறு அல்ல, அழுத்தக் கோளாறு. சேடிலின் அடி சமமாக இல்லை, அல்லது பள்ளத்தில் மரத்தூள் கிடக்கிறது. தந்திகளைக் கழற்றி, துணி சுற்றிய பிளேயரால் சேடிலை நேராக மேலே இழுங்கள். பட்டையை இழுக்காதீர்கள், அது துளைக்குள் வளைந்து இறங்கும் இடம்தான் முறியும் இடம். பள்ளத்தைத் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு, சேடிலின் அடியில் பென்சிலால் கிறுக்குங்கள். ஒரு கண்ணாடி மேல் 220 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் பென்சில் கறை முதலில் எங்கே போகிறதோ அதுதான் மேடு. கறை முழுக்கப் போனதும் நிறுத்திவிடுங்கள். சேடில் 1 மில்லிமீட்டர் குறைந்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் அரை மில்லிமீட்டர் இறங்கும் என்பது நினைவிருக்கட்டும். சேடில் விரலால் அழுத்தினால் இறங்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் பக்கங்கள் இறுக்கம், தந்தியின் அழுத்தம் பட்டைக்குப் போய்ச் சேராது. காகிதத்தை மடித்து அடியில் திணிக்கும் வைத்தியம் எனக்கு உடன்பாடில்லை. தந்தியேற்றி, சுருதி சேர்த்து, ஒருநாள் விட்டுப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

பட்டையே போய்விட்டதா என்று பார்க்க, பிரீஆம்பிலிருந்து அதன் பிளக்கைக் கழற்றி நடுமுனைக்கும் ஷீல்டுக்கும் (வெளிப்பின்னல்) இடையே ஓம் அளவிடுங்கள். பீசோ ஒரு கெபாசிட்டர் போன்றது. இணைப்பே இல்லாதது போலக் காட்டுவதுதான் சரி. பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் எங்கோ ஷார்ட். பட்டையை பிரீஆம்ப் இல்லாமல் நேராக ஆம்பில் கொடுத்தால் ஒலி கீச்சென்று மெலிந்திருக்கும், பயப்பட வேண்டாம். 1 நானோஃபாரட் கொள்ளளவுள்ள பட்டை, உள்ளீட்டுத் தடை 1 மெகாஓம் உள்ள ஆம்பில் 159 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியைக் குறைத்துக்கொண்டே போகும். தடித்த ஈ தந்தியோ 82 ஹெர்ட்ஸ், அதனால் மெலிந்துவிடும். 10 மெகாஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

குமிழைத் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு சொட்டு விட்டு முப்பது முறை திருப்புங்கள், மரத்தில் படாமல் துணி போட்டு மூடிக்கொண்டு. துருநீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், பிசுக்கு நின்று தூசியைப் பிடிக்கும். ஜாக் உலோகத்தைத் தொட்டதும் உறுமல் அடங்குகிறதென்றால் ஷீல்டு அல்லது எர்த் எங்கோ விட்டிருக்கிறது. பேட்டரி கிளிப், ஜாக், ஷீல்டு மூன்றிலும் இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். உறுமலுக்காக ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால்தான் பிரீஆம்பை மாற்றும் பேச்சு. வாங்குவதற்கு முன் மரத்தில் வெட்டியிருக்கும் ஓட்டையின் நீளம், அகலம், கிட்டாருக்குள் இருக்கும் ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஓட்டை சிறிதானால் பெரிதாக்கலாம், பெரிதானால் மூட வழியில்லை.