ஒரு பாயிண்ட் லைட்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஏதோ கிராமம். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. மகள் சுவரில் மாட்டியிருந்த பழைய கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மேஜைமேல் குனிந்து, ரேஷன் கடையில் அட்டைக்கு மேல் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் கேட்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சம் கலர் ஏற்றிக் கொடுங்கள் அக்கா" என்றார்.

இந்த வாக்கியத்துக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. அப்பா 1961இல் மன்னார்குடியில், ஹரித்ரா நதிக் கரைக்குப் பக்கத்தில் இந்த ஸ்டூடியோவைத் தொடங்கினார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர்தான் நதி, அது குளம். சுமார் 23 ஏக்கர். ஹரித்ரா என்றால் மஞ்சள். கோபியர் நீராடியபோது அவர்கள் பூசியிருந்த மஞ்சள் கரைந்து தண்ணீரே மஞ்சளாகிவிட்டது என்று கதை. பெண்கள் முகத்தைத் துலக்கியதால் பெயர் வந்த குளத்தின் கரையில், பெண்கள் முகத்தைத் துலக்கியே எங்கள் குடும்பம் சாப்பிட்டது.

எங்கள் பக்கத்துப் பேச்சில் கலர் என்றால் வெளுப்பு. சிவப்பு என்றாலும் வெளுப்புதான். "சுண்டினால் ரத்தம் தெறிக்கும்" என்பது அதற்கும் ஒரு படி மேல். கருப்பைத்தான் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாநிறம், புதுநிறம், "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சுற்றி வளைப்பார்கள். மிகவும் நல்ல மனசுக்காரர்கள், "கருப்பாக இருந்தாலும் களையான பெண்" என்பார்கள். என்னை அப்படித்தான் சொன்னார்கள். அந்த 'இருந்தாலும்' எனக்குச் சின்ன வயதிலேயே பழகிவிட்டது. கூட்டத்தில் நம் பெயரை யாராவது சொன்னால் காது நிமிருமே, அதுபோல எந்த வீட்டில் யாரைப் பற்றி இந்தச் சொல் விழுந்தாலும் எனக்குக் கேட்டுவிடும்.

அப்பாவின் காலத்தில் கலர் ஏற்றுவது பெரிய கைவேலை. நெகடிவில் எல்லாம் தலைகீழ் அல்லவா? கருத்த முகம் அதில் வெளுத்துத் தெரியும். வெள்ளைச் சட்டை கருப்பாக நிற்கும். நெகடிவில் முகம் எவ்வளவு வெளுத்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் அதன் வழியே இறங்கி, தாளில் அந்த இடம் கருக்கும். ஆகவே முகத்தின் மேல் வெளிச்சத்துக்கு ஒரு தடுப்புப் போட வேண்டும். கன்னத்துப் பரு, கண்ணுக்குக் கீழே கருவளையம் இதற்கெல்லாம் ஊசிபோல் சீவிய பென்சில். முழு முகத்துக்கும் என்றால் ஒரு சிவப்புச் சாயம். அதைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கக் கலந்து, மெல்லிய தூரிகையால் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. ஒரேயடியாகப் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். அப்பா தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார். பெண் பார்க்கும் படம் எடுத்த நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதும் அவர் கீழுதட்டில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருக்கும். அம்மா, "இன்றைக்கு யாருக்குப் பூச்சு?" என்று கேட்பாள். தை மாதம், சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் நேரத்தில், தினமும் கேட்பாள்.

1987இல் எனக்கு 21 வயது. அப்பாவுக்கு உதவியாக இருட்டறையில் பிரிண்ட் போடும் வேலை என்னுடையது. ஒரு நாள் ராத்திரி ஏழெட்டு நெகடிவைக் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார். நாலாவதோ ஐந்தாவதோ என்னுடையது. முந்தின வாரம் அவரே எடுத்தது. ஒரு ஜாதகத்தோடு அனுப்ப. என்லார்ஜரில் மாட்டுவதற்கு முன் வழக்கம்போல விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நெற்றியிலிருந்து கழுத்துவரை, காதோரம்கூட விடாமல், சீராகப் பூசியிருந்தார். மூன்று பூச்சாவது இருக்கும். அவர் கையிலேயே அதைவிட நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை.

தாளை டெவலப்பரில் போட்டு ஆட்டினேன். முதலில் தலைமுடி வந்தது. பிறகு புடவைக் கரை, பிறகு பின்னாலிருந்த திரையின் மடிப்பு. முகம் மட்டும் வரவே இல்லை. கண்ணும் புருவமும் மிதக்கின்றன, நடுவில் வெள்ளைத் தாள். மெதுவாக, கடைசியில், வேண்டா வெறுப்பாக ஒரு முகம் வந்தது. என் மூக்கு, என் வாய். மற்றது யாருடையதோ. அப்பா வெளியிலிருந்து, "பாப்பா, ஹைப்போவில் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார். போட்டேன். எதுவும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அந்தப் படத்தை நம்பி வந்த பையனின் தாயார் என்னைப் பார்த்தார், பையிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பஜ்ஜி நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். (என் கணவர் வேலைக்கு மனுப் போட பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க வந்தவர். பில் போட்டது நான். அவருக்குப் படம் காட்ட வேண்டியிருக்கவில்லை.)

இவ்வளவும் தெரிந்த நான் அந்த வேலையை விட்டேனா என்றால், இல்லை. கலர் ஃபிலிம் வந்தபின் சிவப்புச் சாயத்துக்கு வேலை போய்விட்டது. ஃபிலிமைத் தஞ்சாவூர் லாபுக்கு அனுப்புவோம். உறையின்மேல் என் கையெழுத்தில், "பெண் பார்க்கும் படம், ஒரு பாயிண்ட் லைட்" என்று எழுதிவிட்டால் போதும். அங்கே மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அடர்த்திக்கான பொத்தானை ஒரு தட்டுக் குறைப்பார். அப்பாவின் மூன்று பூச்சு ஒரு தட்டாகிவிட்டது.

அந்த ஃபிலிமின் கதையே வேறு என்று பின்னால்தான் படித்தேன். பிரிண்டின் நிறம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட, கோடாக் கம்பெனி 1950களிலிருந்து லாபுகளுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி என்பதால் பின்னால் யார் நின்றாலும் அது ஷெர்லி அட்டைதான். அவள் தோல் சரியாக விழுந்தால் மிஷின் சரி. பழுப்பு நிறங்கள் நன்றாக விழும்படி ஃபிலிமை மாற்றியதற்கு, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் விற்கிறவர்களும் சொன்ன புகார் ஒரு காரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மேஜை கருத்துவிட்டால் கேட்க ஆள் இருந்திருக்கிறது.

2004. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காமல் குறுவை போன வருடம். கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கடைக்கு வந்து, நாங்கள் எடுத்துக் கொடுத்த படத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். கோபமாகக்கூட இல்லை. "ஏம்மா, இது என் பெண்ணா?" என்றார். வேன் வைத்துப் பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். கடன் வாங்கிக் கேசரி கிளறியிருக்கிறார்கள். பெண் காபித் தட்டோடு வந்து நின்றதும் வந்தவர்களில் ஒரு பெண்மணி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கையின் படத்தை மாற்றி அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டிருக்கிறார். அவர் வீட்டில் ஒரே பெண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்னமோ பெண்களுக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை ஊர் மற்ற பெண்களோடு ஒப்பிட்டது போதாதென்று, அவளோடு அவளையே ஒப்பிடுவதற்கு ஒரு படத்தையும் நான் தயாரித்துக் கொடுத்திருக்கிறேன். தன் படத்திடமே தோற்றுப் போய் நின்றிருக்கிறாள். 180 ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அதை எதற்கு எடுத்துப் போனார் என்று இன்றும் யோசிப்பதுண்டு.

உறையில் எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன். வியாபாரம் அடி வாங்கியது. பக்கத்துத் தெருவில் கேட்டபடி வெளுத்துக் கொடுக்க ஆள் இருந்தது. இப்போது கேட்கவே வேண்டாம், கையிலிருக்கும் போனே யாரையும் கேட்காமல் வெளுத்துவிடுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனபோது, முந்தின நாள் மாலை பெரிய கோயிலில் ஒரு தமிழாசிரியை மதில் கல்வெட்டைக் காட்டி விளக்கினார். ராஜராஜன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பட்டியல். பெண்ணின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பயோடேட்டா என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கடையில் நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பயோடேட்டாவில் நட்சத்திரம், உயரம், அடுத்து 'நிறம்' என்று ஒரு வரி இருக்கும். கல்லில் அந்த வரி இல்லை. அந்தப் பெண்களை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களோ, அதையும் கல் சொல்லவில்லை. சோழர் காலம் பெண்களுக்குப் பொற்காலம் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஊர் திரும்பியதும் கம்ப்யூட்டரில் அந்த வரியை அழித்தேன். வாடிக்கையாளர்கள் பேனாவால் எழுதிக்கொள்கிறார்கள்.

திருவாரூர்த் தேரழகு, மன்னார்குடி மதிலழகு என்பார்கள். எங்கள் கோயில் மதிலை யாரும் வெள்ளையடித்துவிட்டு அழகு என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த பெண்ணுக்கு வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து இடது கையைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை. கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் காரணம் தெரிந்தது. கன்னத்தின் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, அடியில் சிவப்பு நூல் நூலாக ரத்த நாளங்கள். தாடையோரம் பூனைமுடி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கிரீம், எட்டு மாதமாகப் பூசுகிறாளாம். அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்குச் சில நாள் மட்டும் பூச வேண்டியது. முதலில் வெளுக்கும், பிறகு தோலைத் தின்னும். இந்த வகைக் கிரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லியும் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' போட்டுக்கொண்டது. அம்மா, "ஒரு வருடமாக நடவுக்குக்கூட அனுப்பவில்லை அக்கா, வெயிலே படாமல்தான் வைத்திருக்கிறேன்" என்றார். அந்தப் பெண் நாற்றுப் பறிப்பதில் கெட்டிக்காரியாம். அதையும் அவரே சொன்னார், சற்று வெட்கத்தோடு. கிரீமைச் சட்டென்று நிறுத்தினால் முகம் எரியும், நாளைக்கே தோல் டாக்டரைப் பாருங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

கருத்த முகம் போட்டோவில் விழாது என்பது சோம்பேறிப் போட்டோகிராபர்களின் சாக்கு. வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி, நெற்றிப்பொட்டில் ஃபிளாஷ் அடித்தால் யார்தான் விழுவார்கள்? கேமரா சுவரைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும், முகம் இருண்டுபோகும். பின்னால் பழுப்புத் திரையைத் தொங்கவிட்டேன். ஃபிளாஷை அணைத்துவிட்டு, மேற்கு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்தேன். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டை. கருத்த தோலுக்கு ஒரு வசதி உண்டு: வெளிச்சம் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கன்னத்து எலும்பும் மூக்கின் ஓரமும் சிற்பம்போல எழுந்து நிற்கும். "கையை எடும்மா" என்றேன். நாற்று முடி எப்படிக் கட்டுவாய் என்று கேட்டேன். இரண்டு கையும் தானாக எழுந்து காற்றில் முடிச்சுப் போட்டன. அந்த முகத்தை எடுத்தேன்.

படம் வந்ததும் அம்மா வெகு நேரம் பார்த்தார். "என் மாமியார் ஜாடை" என்றார். நாலு காப்பிக்குப் பணம் கொடுத்தார். மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது திரும்பி வந்து, மறுபடி அந்த ரேஷன் கடைக் குரலில், "படம் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. இருந்தாலும் ஒரே ஒரு காப்பி மட்டும் கொஞ்சம்..." என்றார்.

"கரண்ட் போய்விட்டதே" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேல் மின்விசிறி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.