பால் விலை பவுடர் மூட்டையில்தான் எழுதியிருக்கிறது

"அடுத்த பட்டுவாடாவிலிருந்து லிட்டருக்கு ரெண்டு ரூபா கம்மி" என்று பால் எடுக்கும் தனியார் ஏஜென்ட் சொன்னால் மாடு வைத்திருக்கும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கடையில் விற்கும் பாக்கெட் விலைதான். அங்கே ஒரு பைசா குறையவில்லையே, நமக்கு மட்டும் ஏன் குறைக்கிறார்கள் என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் நம் பாலின் விலையைப் பாக்கெட்டில் தேடினால் பதில் கிடைக்காது. பாக்கெட்டில் விற்றது போக மிஞ்சும் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றுகிறார்கள். அந்த மிஞ்சிய பாலுக்கு என்ன விலை கட்டுப்படியாகிறதோ அதுதான் தனியார் கொள்முதல் விலையை மேலும் கீழும் இழுக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 3.5 சதவீதம் ஃபேட் (கொழுப்பு), 8.5 சதவீதம் எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) உள்ள பசும்பால் 100 லிட்டர், எடையில் ஏறக்குறைய 103 கிலோ. இதைப் பிரித்தால், சேதாரம் போக, சுமார் 8.7 கிலோ கொழுப்பு நீக்கிய பவுடரும் 4.3 கிலோ வெண்ணெயும் வரும். பவுடர் கிலோ 200, வெண்ணெய் 400 என்று வையுங்கள். பவுடரில் 1,740, வெண்ணெயில் 1,720, ஆக 3,460 ரூபாய். லிட்டருக்கு 34.60. குளிரூட்டுவது, டேங்கர் வாடகை, ஏஜென்ட் கமிஷன், ஆலைச் செலவு எல்லாம் சேர்த்து 7 ரூபாய் கழித்தால் விவசாயிக்கு 27.60 தான் நிற்கும். இதே பவுடர் 260க்கும் வெண்ணெய் 430க்கும் போனால், 41.11இல் 7 போக 34 ரூபாய். மாடும் தீவனமும் பாலும் மாறவில்லை, விலையில் மட்டும் ஆறரை ரூபாய் வித்தியாசம்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கம்: பவுடர் கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால் பாலில் 87 பைசா போகும். வெண்ணெய் 10 ரூபாய் இறங்கினால் 43 பைசா. இந்த இரண்டு விலையையும் மாதம் ஒருமுறை விசாரித்து வைத்திருப்பவருக்கு ஏஜென்ட் சொல்லும் செய்தி முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மகாராஷ்டிரத்தில் 2024இல் நடந்தது இதுதான். பவுடர் தேங்கி விலை சரிந்தது, பசும்பால் கொள்முதல் விலையும் கூடவே இறங்கியது. மாநில அரசு லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் கொடுத்து, அந்த அக்டோபரில் அதை 7 ரூபாயாக்க வேண்டி வந்தது. அங்கே பால் மலிந்தால் அந்தப் பவுடர் லாரி ஏறித் தெற்கே வரும். அப்போது நம் ஊர் ஆலைக்கும் பாலை விடப் பவுடர் மலிவாகத் தெரியும். விலை குறைவது கிருஷ்ணகிரியில், காரணம் மகாராஷ்டிரத்து அகமதுநகரில் (இப்போது அகில்யாநகர்).

ஆவின் கணக்கு வேறு மாதிரி. அது அரசு அறிவிக்கும் விலை. 2022 நவம்பரில் பசும்பால் 32இலிருந்து 35 ஆனது, எருமைப்பால் 41இலிருந்து 44 ஆனது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. தனியார் விலை சரியும் காலத்தில் இது தரை மாதிரி தாங்கும். தனியார் விலை ஏறும் கோடையில் இதே விலை குறைவாகத் தோன்றும். ஆவின் சொசைட்டிக்கு ஊற்றுவதா தனியாருக்கு ஊற்றுவதா என்று முடிவெடுக்கும்போது ஒரு மாத விலையை வைத்துப் பார்க்காதீர்கள். பன்னிரண்டு மாதச் சராசரியை எடுங்கள். ஊக்கத்தொகை அரசு நிதியிலிருந்து வருவது, கொள்முதல் விலையின் பகுதி அல்ல. கடன் தவணையை அதை நம்பிக் கட்டத் திட்டமிட வேண்டாம்.

இனி என்ன ஆகும்? நாட்டின் பால் உற்பத்தி 2023-24இல் 239 மில்லியன் டன்னைத் தாண்டிவிட்டது, ஆண்டுதோறும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பவுடருக்கு 60 சதவீதம் இறக்குமதி வரி இருப்பதால் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளம் வராது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்திலும் பால் பொருட்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே சுவர் நம்மையும் உள்ளே அடைக்கிறது. உலகச் சந்தையில் பவுடர் டன் 2,600 டாலர், டாலர் 88 ரூபாய் என்றால் கிலோ 229 ரூபாய். உள்ளூர் பவுடர் அதற்கு மேல் இருக்கும்போது ஏற்றுமதி செய்ய முடியாது. மிஞ்சியது மிஞ்சியபடி கிடங்கிலேயே கிடக்கும். ஒரு நல்ல கார்காலமும் வட இந்தியக் குளிர்காலப் பால் பெருக்கும் சேர்ந்து வந்தால் போதும், பவுடர் குவிந்துவிடும்.

வெண்ணெய் பக்கம் நிலைமை தேவலை. 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், சீஸ் மீதான ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமானது, பாக்கெட் பனீருக்கு வரியே இல்லை. நெய் வாங்கும் பழக்கம் குறையப் போவதில்லை. ஆகவே என் கணிப்பு இது: வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஃபேட்டுக்கான விலை பெரும்பாலும் உறுதியாக நிற்கும், எஸ்.என்.எஃப். விலைதான் ஆடும். எருமை வைத்திருப்பவரை இந்த ஆட்டம் குறைவாகப் பாதிக்கும். 3.5 ஃபேட்டில் 20 லிட்டர் கறக்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) இன மாட்டை மட்டும் நம்பியிருப்பவர்தான் முழுதாக அடிவாங்குவார்.

அதற்காக எஸ்.என்.எஃப். பற்றிக் கவலைப்படாமல் இருக்க முடியாது. சமன்படுத்திய பாலுக்குச் சட்டப்படி 3.0 ஃபேட், 8.5 எஸ்.என்.எஃப். இருக்க வேண்டும். நம் கலப்பினப் பசுவின் பால் பல ஊர்களில் 8.0, 8.2 என்றுதான் நிற்கிறது. குறையும் 0.4ஐ ஆலை பவுடர் போட்டுத்தான் ஈடுகட்டும், லிட்டருக்கு 4 கிராமுக்குச் சற்று மேல். பவுடர் 250 என்றால் அதுவே ஒரு ரூபாய். "டிகிரி (லாக்டோமீட்டர் அளவு) இல்லை" என்று பிடிக்கும் பணத்தின் அடிப்படை இதுதான். அதற்கு மேல் பிடித்தால் விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எஸ்.என்.எஃப். கணக்கிடும் சூத்திரத்தில் கடைசியாகக் கூட்டும் எண் ஆலைக்கு ஆலை வேறு. அந்த எண் 0.1 குறைந்தால் உங்கள் எஸ்.என்.எஃப்.பும் அப்படியே 0.1 குறையும். லிட்டருக்கு விலையா, கிலோவுக்கு விலையா என்பதையும் கேளுங்கள். அதில் 3 சதவீதம் இருக்கிறது.

சாம்பிளிலும் பணம் போகும். கறந்த சூட்டோடு நுரையோடு பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை விட்டால் அளவு குறைவாகவே காட்டும். அரைமணி நேரம் கழித்து, நுரை அடங்கி, கலக்கிவிட்டுப் பார்த்தால்தான் உண்மையான எண். கடைசியாகப் பீய்ச்சும் பாலில்தான் ஃபேட் அதிகம். அதை மடியிலேயே விட்டுவிட்டு ஃபேட் வரவில்லை என்று வருந்துவோர் நிறைய. காலைக்கும் மாலைக்கும் இடைவெளி 15 மணி, 9 மணி என்று கோணலாக இருந்தால் நீண்ட இடைவெளிக்குப் பிறகு கறக்கும் பாலில் அளவு கூடி ஃபேட் குறையும். எஸ்.என்.எஃப். தொடர்ந்து 8க்குக் கீழே இருந்தால் இரண்டு காரணங்களை முதலில் சந்தேகியுங்கள்: அடர்தீவனம் போதாமல் புல்லை மட்டும் தின்னும் மாடு, அல்லது வெளியே தெரியாத மடிநோய். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைத்து, உடனே தீவனம் வைத்து அரைமணி நேரம் மாட்டை நிற்க வைத்தால் மடிநோய் பாதி குறையும். காம்புத் துளை மூடும் முன்பு மாடு சாணத்தில் படுப்பதுதான் வினை.

சந்தை விலை நம் கையில் இல்லை. அடக்க விலை கையில் இருக்கிறது. 10 லிட்டர் கறக்கும் கலப்பின மாடு ஒன்றின் ஒரு நாளைப் பாருங்கள். உடல் பராமரிப்புக்கு 2 கிலோ, லிட்டருக்கு 400 கிராம் வீதம் 4 கிலோ, ஆக 6 கிலோ அடர்தீவனம். 50 கிலோ மூட்டை 1,450 என்றால் 174 ரூபாய். பசுந்தீவனம் 25 கிலோ, சொந்த நிலத்தில் கிலோ 2 ரூபாய் வீதம் 50. வைக்கோல் 5 கிலோ 40. தாது உப்பு 50 கிராம் 6. மொத்தம் 270, அதாவது லிட்டருக்கு 27. மருந்து, சினை ஊசி, கரண்ட் என்று இன்னும் 3 சேர்த்தால் 30. பால் 36க்குப் போனால் 6 ரூபாய் மிச்சம். வீட்டார் உழைப்புக்கு இதில் ஒரு பைசா எழுதவில்லை. விலை முதலில் பார்த்த 27.60க்கு வந்தால் தீவனக் கடனைத் தீர்க்கவே சரியாகிவிடும்.

இந்த 6 ரூபாயும் கறக்கும் நாளின் கணக்கு மட்டுமே. வற்றிய மாட்டுக்கும் தீவனம் போட வேண்டுமே. 2 கிலோ அடர்தீவனம், 20 கிலோ புல், 4 கிலோ வைக்கோல், நாளுக்கு 130 ரூபாய். 305 நாள் கறந்து 3,050 லிட்டர் கொடுக்கும் மாடு ஆண்டுக்கு ஒரு கன்று ஈன்றால் வற்றிய நாள் 60, செலவு 7,800, லிட்டருக்கு 2.56. அதே மாடு 450 நாளுக்கு ஒருமுறை ஈன்றால் வற்றிய நாள் 145, செலவு 18,850, லிட்டருக்கு 6.18. மிச்சம் 6 ரூபாய், வற்றிய செலவு 6.18. சில மாடுகள் வற்றாமல் இரண்டு மூன்று லிட்டர் இழுத்துக்கொண்டே வரும். அப்போது நஷ்டம் கொஞ்சம் குறையும், லாபம் வராது. 85 நாள் தள்ளிப்போனதில் லிட்டருக்கு 3.62 ரூபாய் கரைந்துவிட்டது. அரசு கொடுத்த ஊக்கத்தொகையை விட அதிகம்.

தவறவிட்ட ஒவ்வொரு சினைப்பருவமும் 21 நாள், அதாவது 2,730 ரூபாய். கண்ணாடி மாதிரி ஒழுக்கு, கத்தல், மற்ற மாட்டின் மேல் தாவுதல், பால் திடீரென்று குறைதல் என்று அறிகுறிகள் நமக்குத் தெரியும். தெரிந்தும் தவறுவது, பெரும்பாலான மாடுகள் இரவிலும் விடியலிலும் இதைக் காட்டுவதால்தான். இரவு படுக்கும் முன் பத்து நிமிடமும் விடியலில் பத்து நிமிடமும் கொட்டகையில் நின்று பார்க்க வேண்டும். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை ஊசி. மூன்று முறை போட்டும் நிற்கவில்லை என்றால் நான்காவது ஊசிக்குப் பணம் கொடுக்காமல் மருத்துவரிடம் கர்ப்பப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

விலை குறைந்ததும் எல்லோரும் முதலில் கை வைப்பது தீவன மூட்டையில். ஈன்று 90 நாளுக்குள் இருக்கும் மாட்டுக்கு அதைச் செய்யாதீர்கள். 400 கிராம் தீவனம் 11.60 ரூபாய், அது தரும் ஒரு லிட்டர் 36 ரூபாய். அங்கே குறைத்தால் பாலும் போகும், எஸ்.என்.எஃப்.பும் போகும், சினையும் தள்ளும். சினை உறுதியாகி 4 லிட்டருக்குக் கீழே வந்த மாட்டுக்குத்தான் தீவனத்தைக் குறைக்க வேண்டும்; ஏழு மாதச் சினை ஆனதும் வற்றவிட வேண்டும். தீவனம் போதுமா என்று சந்தேகமுள்ள மாட்டுக்கு அரை கிலோ கூட்டி ஒரு வாரம் அளந்து பாருங்கள். 14.50 செலவுக்கு 400 மில்லி கூட ஏறாவிட்டால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

தீவன விலையில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குப் போகத் தொடங்கியதும் நாமக்கல் கோழிப் பண்ணைகளோடு நாமும் போட்டி போட வேண்டி வந்தது. மறுபக்கம் அதே ஆலைகளிலிருந்து வரும் டி.டி.ஜி.எஸ். என்ற புரதச் சக்கை புண்ணாக்கை விட மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாம், ஆனால் பூஞ்சை நச்சு இதில் செறிந்துவிடும் ஆபத்து உண்டு. மக்காச்சோளத்தில் இருந்த அஃப்ளாடாக்சின் என்ற அந்த நச்சு சாராயத்தோடு போகாமல் சக்கையில் தங்கிவிடும். மாடு அதைத் தின்றால் பாலில் வரும். பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். கட்டி தட்டிய, புழுங்கல் வாடை அடிக்கும் மூட்டையை மலிவு என்று எடுக்காதீர்கள். கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் தொடங்குவது நல்லது.

பால் விலை உச்சத்தில் இருக்கும்போது மாட்டுச் சந்தையும் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கடன் வாங்கி இரண்டு மாடு சேர்ப்பது வேண்டாம். விலை இறங்கி அக்கம்பக்கத்தார் விற்கும்போது, சினை மாடாக, ஒன்றாக வாங்குங்கள்.

கோடையில்தான் தனியார் விலை ஏறும், அப்போது நம் மாடுகள் உச்சப் பாலில் இருக்க வேண்டும். ஈன்று ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சம் என்றால் மார்ச் நடுவில் ஈன வேண்டும். 280 நாள் பின்னால் எண்ணினால் ஜூன் இரண்டாம் வாரம் சினை பிடிக்க வேண்டும். மே மாத வெயிலில் போடும் ஊசி நிற்பது கடினம், முதல் மழை பெய்து கொட்டகை குளிர்ந்த பிறகு போடுவது இதற்கும் பொருந்தி வருகிறது. சிக்கல் பசுந்தீவனம். ஏப்ரலில் கோ-4 என்ற தீவனப் புல்லுக்குப் பாய்ச்சத் தண்ணீர் இருக்காது. அதற்கு டிசம்பர், ஜனவரியில் மக்காச்சோளத்தைப் பால் பிடித்துக் கெட்டியாகும் பருவத்தில் அறுத்து, ஒரு அங்குலத்துக்கும் குறைவாக நறுக்கி, குழியில் காற்றுப் போக மிதித்து மூடி, ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) ஆக்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் சாறு சொட்டக் கூடாது, விட்டதும் உருண்டை மெல்லப் பிரிய வேண்டும். அந்த ஈரம்தான் சரி. சொட்டினால் அழுகும், உடனே உதிர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். 45 நாள் கழித்துத் திறக்கும்போது பழுத்த புளிப்பு வாசனை வந்தால் மார்ச்சில் ஈனும் மாட்டுக்குத் தீவனம் தயார்.