மஸ்டாங்கின் ஆறு சிலிண்டரும் ஓர் அடாப்டரும்

மிச்சிகனில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், 1965 மாடல் மஸ்டாங் ஒன்று வந்தது. வி-8 இல்லை. வரிசையாக ஆறு சிலிண்டர், 200 கன அங்குலம், 120 குதிரைத்திறன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் ஆட்டோலைட் 1100 கார்புரேட்டர் ஒற்றை பேரல், அதாவது ஒரே காற்றுவழி கொண்டது. அந்த வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து கையில் ஆடியது. அதை எடுத்துவிட்டு இரட்டை பேரல் வெபர் 32/36 போட்டுத் தரச் சொன்னார் காரின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அளவு சரிதான். கன அங்குலம் 200ஐ, இன்ஜின் உச்ச சக்தி தரும் 4400 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456ஆல் வகுத்தால் நிமிஷத்துக்கு 255 கன அடி காற்று. (ஒரு கன அடி 1728 கன அங்குலம், இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இன்ஜின் முழு அளவை இழுக்கும்.) ஆனால் இன்ஜின் முழு மூச்சு இழுக்காது. எண்பது சதவீதம் என்று வைத்தால் 204. அதற்கு வெபரே தாராளம்.

சிக்கல் அதை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான். இந்த இன்ஜினில், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு தனியாகக் கழன்று வராது, சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். மரக்கட்டை மாதிரி நீளமாக இருப்பதால் அதற்கு 'லாக்' என்று பெயர். அதன் நடுவில் ஒரே துளை, கார்புரேட்டரை இறுக்க இரண்டு ஸ்டட் (நட்டு நிற்கும் மரையாணி). வெபருக்கு இரண்டு துளை, நாலு ஸ்டட். ஹெட்டைக் கழற்றி லாக்கை மில்லிங் செய்து நேரடியாகவும் உட்கார வைக்கலாம். அவருடைய பட்ஜெட் அதற்கு இடம் தரவில்லை. ஆகவே அடாப்டர்.

ஸ்டட் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து, இரண்டு துண்டாக வரும் அலுமினிய அடாப்டர் ஒன்றை வாங்கினேன். கீழ்த்தட்டு லாக்கில், மேல்தட்டு அதன்மேல். மாட்டுவதற்கு முன் கேஸ்கெட்டை வைத்துக் கோடு கீறிப் பார்த்தபோது, இரண்டு துளை ஒன்றாகக் குறுகும் இடத்தில் விளிம்பு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் பெட்ரோல் அதில் மோதிச் சொட்டாகத் தேங்கும். இந்த லாக்கில் ஓரத்து சிலிண்டர்களுக்குக் கலவை குறைவாகத்தான் போய்ச் சேரும். தேங்கினால் இன்னும் மோசம். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து டை கிரைண்டரால் அதைச் சரிவாக்கினேன். உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களுக்கு, மரை தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை போட்டு இறுக்கினேன். அவை தளர்ந்தால் வேக்குவம் லீக் ஆகும், அதாவது வெளிக்காற்று உள்ளே புகும். திரும்ப இறுக்குவதற்கு கார்புரேட்டரையே கழற்ற வேண்டும்.

ஸ்டார்ட் செய்ததும் ஐட்லிங் கடிகாரம் மாதிரி நின்றது. ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட்டிலும் குறை இல்லை. சந்தோஷமாக அனுப்பி வைத்தேன்.

மூன்றாம் வாரம் கார் திரும்பி வந்தது. ஹைவே ஏறும் சரிவில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் இழுவையே இல்லை. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் நாள் முதலாளி, இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜை எடுத்து, சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஹோஸில் இணைத்து, நீள ட்யூபை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து என் மடியில் வைத்தார். காரை அவரே ஓட்டினார். சரிவில் மிதித்ததும் ஊசி பூஜ்யத்துக்கு விழுந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்த டிஸ்ட்ரிபியூட்டர் லோட்-ஓ-மேடிக் வகை. மற்றவற்றில் வேகத்துக்கேற்ப ஸ்பார்க் விழும் நேரத்தை முன்தள்ளும் சுழல் எடைகள் இதில் கிடையாது. வேக்குவத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. முழுசாக மிதிக்கும்போது மேனிஃபோல்டு வேக்குவம் செத்துவிடும். அந்த நேரத்தில் ஆட்டோலைட் 1100இல் இருக்கும் ஸ்பார்க் கன்ட்ரோல் வால்வு, கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று பாய்வதால் உண்டாகும் வென்சுரி வேக்குவத்தைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும். வெபரில் அந்த வால்வு இல்லை. ஷெட்டுக்குள் லோடு இல்லாமல் பார்த்ததால் டைமிங் லைட் என்னிடம் எதையும் சொல்லவில்லை.

எடைகள் உள்ள பிந்தைய மாடல் டிஸ்ட்ரிபியூட்டரை வரவழைத்தோம். டிஸ்ட்ரிபியூட்டரோடு இணையும் ஆயில் பம்ப் ஷாஃப்டின் அறுகோண முனை 1/4 அங்குலமா 5/16ஆ என்று அளந்த பிறகே ஆர்டர் கொடுத்தேன்.

இன்னொன்றையும் தவறவிட்டிருந்தேன். பழைய கார்புரேட்டருக்கு அடியில் ஹீட்டர் ஹோஸின் வெந்நீர் ஓடும் ஸ்பேசர் ஒன்று இருந்தது. உயரம் குறையட்டும் என்று அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஈரமான ஏப்ரல் காலையில் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. திரும்ப மாட்டினேன். உயரம் கூடியதால் ஏர் கிளீனரைத் தட்டையானதாக மாற்றி, அதன்மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மூடித் திறந்தேன். ஒன்பது மில்லிமீட்டருக்கு நசுங்கியிருந்தது. இன்ஜின் மவுன்டில் குலுங்குவதற்கு அது பற்றாது. தட்டையிலும் தட்டையான இன்னொன்றைத் தேடிப் போட்டோம்.

மறுபடி அதே சரிவுக்குப் போனோம். இந்த முறை ஆசிரியர் ஓட்டினார், கேஜ் என் மடியில். முழுசாக மிதித்தார். ஊசி அன்றும் பூஜ்யத்துக்குத்தான் விழுந்தது. முதுகு சீட்டில் அழுந்த, கார் ஏறியது.